மூன்றாவது தடவை வராத தம்பி

ரமத்கானில் அந்த நாலு தெருவுக்குள் சலீமாவிடம் ஊசி குத்திக்கொள்ளாத ஆள் கிடையாது. கிளினிக்கில் அவள் கை வேகம், வாய் அதைவிட வேகம். குழந்தை அழுதால், "நல்லா அழு, காலை மட்டும் ஆட்டாதே" என்பாள். பெரியவர்கள் முனகினால் அதுவும் கிடையாது, ஒரு முறைப்புதான். பட்டாளத்தில் தொண்டை கிழியக் கத்துகிற சார்ஜென்ட்கூட அவள் முன்னால் வந்ததும் சட்டைக் கையைத் தானாக மடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பான்.

ஆனால் யூதப் புத்தாண்டுக்கும் கிப்பூர் நோன்புக்கும் நடுவே வருகிற பத்து நாளில் அவள் வேறு ஆள். கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "போன வருஷம் பூரா குத்தினதுக்கு மன்னிச்சிடுங்க" என்று கேட்பாள். அந்த நாட்களில் எங்கள் தெருவே அப்படித்தான். ஆண்டவனுக்குச் செய்த தப்பென்றால் கிப்பூர் அன்று பட்டினி கிடந்து அழுதால் தீரும். மனுஷனுக்குச் செய்த தப்புக்கு அந்த மனுஷன்தான் மன்னிக்க வேண்டும், ஆண்டவன் அதில் மூக்கை நுழைக்க மாட்டான். அதனால் எடைக்கல்லில் கைவைத்த காய்கறிக்காரன் ஒரு பை தக்காளியோடு வீடு வீடாகப் போவான். மாடியிலிருந்து வருஷம் முழுக்க அழுக்குத் தண்ணீர் கொட்டிய தோயா, கீழ்வீட்டுக்காரியைக் கட்டிக்கொண்டு அழுவாள். அடுத்த வாரமே மறுபடியும் கொட்டுவாள், அது வேறு விஷயம். கேட்டவனுக்கு மூன்று முறை சொல்லிவிட வேண்டும்: மன்னித்தேன், மன்னித்தேன், மன்னித்தேன். பெரும்பாலும் காய்கறி பேரம் பேசுகிற வேகத்தில் அது முடிந்துவிடும்.

சலீமாவும் எல்லாருக்கும் சொல்வாள். ஒரே ஒருவனுக்குச் சொல்ல மாட்டாள். அவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி நாஜி.

அக்காவும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நாஜி பெயிண்ட் அடிக்கிறவன், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஓய்வுநாள் சாப்பாடு வாராவாரம் அவன் வீட்டில்தான். அவன் மனைவி வயலட் ராத்திரி முழுக்க அடுப்பில் வைத்த கோழிச் சோற்றில் அடிப்பிடித்த காந்தல் முழுவதும் சலீமாவுக்கென்று எழுதி வைத்த மாதிரி. பிள்ளைகளுக்கு அத்தை என்றால் உயிர். பண்டிகைக்குப் பண்டிகை விருந்தாளிகள் முன்னால் சலீமா தம்பியின் பெருமையை ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்க மாட்டாள்.

"முகாம்ல கூடாரத்துல கிடந்தோம். ஒரு முட்டைக்கு அரை நாள் வரிசை. அப்ப இவன் எனக்காக ஒரு பெட்டி பாதாம் வில்லை வாங்கிட்டு வந்தான். ஏலக்காய் போட்டது. பாக்தாத்துலகூட அப்படி ஒண்ணு நான் தின்னதில்ல" என்பாள்.

அவள் அதைச் சொல்ல ஆரம்பித்தால் நாஜி சிகரெட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவான். வெட்கப்படுகிறான் என்று எல்லாரும் சிரிப்பார்கள்.

ஆனால் வருஷா வருஷம் அந்தப் பத்து நாளில் அவன் நகத்தில் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டி, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, அக்கா வீட்டுக் கதவைத் தட்டுவான். உட்காராமல் நின்றபடியே கேட்பான்.

"அக்கா, நான் உனக்குச் செஞ்சதுக்கு என்னை மன்னிச்சிடு."

"முடியாது" என்பாள் சலீமா. "காபி குடிக்கிறியா?"

குடிப்பான். வெயிலைப் பற்றி, பெரியவனின் படிப்பைப் பற்றி ஏதாவது பேசிவிட்டுப் போவான். நாலைந்து நாள் கழித்து மறுபடியும் வருவான். அதே சட்டை, அதே வார்த்தை, அதே காபி. அத்தோடு சரி. மூன்றாவது தடவை வரமாட்டான்.

எங்கள் வழக்கப்படி கேட்கிறவன் மூன்று தடவை கேட்க வேண்டும். முதலாவது வாயிலிருந்து வருவது, இரண்டாவது கடமைக்கு வருவது, மூன்றாவதுதான் நெஞ்சிலிருந்து வருவது என்பது சலீமாவின் கணக்கு. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவள் அந்த மூன்றாவதுக்குத்தான் காத்திருந்தாள். வெளியே சொல்வாளா? "என் தம்பி எந்தச் சுவத்துக்கும் ரெண்டு கோட் பெயிண்டுக்கு மேல அடிச்சதில்ல, எனக்கு மட்டும் மூணாவது அடிப்பானா" என்று வயலட்டிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு நோன்பு நாள் முழுக்க, தொண்டையில் மாத்திரை சிக்கின மாதிரி, ஜெப ஆலயத்தில் பெண்கள் உட்காருகிற மாடியில் உட்கார்ந்திருப்பாள்.

நாஜி செய்தது சின்ன விஷயம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாக்தாதை விட்டு வந்த புதிதில் அவர்களைச் சேற்று நிலத்தில் ஒரு கூடாரத்தில் போட்டார்கள். அப்பா அந்தக் கூடாரத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா முதல் மழைக்கே வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து படுத்தாள். சலீமாவுக்கு இருபத்தாறு வயது, நாஜிக்கு இருபது. அவள் முகாம் மருந்தகத்தில் கட்டுத்துணி துவைத்து, ஊசி போடக் கற்றுக்கொண்டு, இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். அந்த மருந்தகத்துக்கு மருந்து வண்டியில் வருகிறவன் ஹெஸ்கேல். பெட்டிகளை இறக்கிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே பேனாவை மறந்துவிட்டுப் போய், அதை எடுக்கத் திரும்பி வருவான். மூன்று மாதம் இப்படிப் பேனாவை மறந்த பிறகு ஒருநாள், "உங்க வீட்டுக்கு வந்து உங்க தம்பிகிட்ட பேசலாமா?" என்று கேட்டான். சலீமா தலையாட்டினாள்.

அவன் வரவில்லை. அதாவது, அவன் வரவில்லை என்றுதான் அவளுக்குத் தெரியும். அடுத்த மாதத்திலிருந்து மருந்து வண்டியில் வேறு ஆள் வந்தான். விசாரிக்க அவளுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, 'உனக்கெல்லாம் யார் வருவா' என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். அதன் பிறகு யாராவது கல்யாணப் பேச்செடுத்தால் எரிந்து விழுந்தாள். அம்மாவைப் பத்து வருஷம் பார்த்துப் புதைத்தாள். வாய் அப்படி வேகமானது அந்த வருஷங்களில்தான்.

பிறகு ஒருநாள் கிளினிக்கில் ஒரு அம்மாள் ஊசிக்கு வந்தவள் அவள் பெயரைக் கேட்டுவிட்டு, "நீங்களா? என் அண்ணன் ஹெஸ்கேல் உங்களைத்தானே பெண் கேட்டு வந்தான்? உங்களுக்கு ஏற்கெனவே நிச்சயமாயிடுச்சுன்னு உங்க தம்பி சொல்லிட்டாராமே" என்றாள். அண்ணன் ஹைஃபாவில் பெண்டாட்டி பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறான் என்றும் சொன்னாள். சலீமா ஊசியை வழக்கம்போலப் போட்டு முடித்தாள். சாயங்காலம் நேராகத் தம்பி வீட்டுக்குப் போய், "ஹெஸ்கேல் வந்தானா?" என்று கேட்டாள். நாஜி சுவரைப் பார்த்துக்கொண்டு, "வந்தான்" என்றான். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த வருஷக் கிப்பூரிலிருந்துதான் இந்த இரண்டு தடவைக் கதை.

இந்த வருஷம் புத்தாண்டு விருந்தில் சலீமா வழக்கம்போலப் பாதாம் வில்லைக் கதையை எடுத்தாள். நாஜி எழுந்தான். எழுந்தவன் மேஜையில் இருந்த பேரீச்சம்பாகுக் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். துடைக்கக் குனிந்தபோது அவன் கை ஆடுவதை அவள் பார்த்தாள். பயத்தில் ஆடவில்லை, வியாதிக்காரன் கை மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் ஏணிமேல் நின்ற கை. கிளினிக்கில் தினமும் எத்தனையோ கைகளைப் பார்க்கிறவள், சொந்தத் தம்பி கையைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். இந்த வருஷம் மூன்றாவது தடவை வந்தால் சொல்லிவிடுவது. அவனை அந்தச் சட்டையோடு இன்னொரு வருஷம் நிற்க வைக்க அவளுக்கு மனசில்லை. தானும் இன்னொரு கிப்பூரை மாத்திரை சிக்கின தொண்டையோடு கழிக்கத் தயாராக இல்லை.

முதல் தடவை வந்தான். முடியாது என்றாள். அது கணக்கு. இரண்டாவது தடவை வந்தபோது சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் பழகின நாக்கு முந்திக்கொண்டு "முடியாது, காபி குடிக்கிறியா?" என்றுவிட்டது. போகட்டும், இன்னொன்று பாக்கி இருக்கிறதே என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

கிப்பூருக்கு முந்தின நாளும் வந்துவிட்டது. அன்று கிளினிக் மத்தியானத்தோடு மூடிவிடும். வீட்டுக்கு வந்து, நோன்புக்கு முன்னால் சாப்பிட உப்புக் குறைத்துக் கோழி வேகவைத்தாள். தம்பிக்கென்று இன்னொரு தட்டையும் மேஜையில் வைத்தாள். வெள்ளைத் துணியை இஸ்திரி போட்டாள். வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் போய்ப் பார்த்தாள். ஒரு தடவை காய்கறிக்காரன், ஒரு தடவை தோயா, ஒரு தடவை பூனை.

பிறகு வந்தது வயலட். நோன்பு முடிந்ததும் குடிக்கிற பாதாம் பாலை வருஷாவருஷம் இரண்டு வீட்டுக்குமாக அவர்கள் இங்கேதான் செய்வார்கள். வெந்நீரில் ஊறிய பாதாமை நடுவில் வைத்து இரண்டு பேரும் தோல் உரிக்க உட்கார்ந்தார்கள்.

"உன் புருஷன் எங்க?" என்றாள் சலீமா.

நோன்புக்கு முந்தின முழுக்கைப் போட்டுவிட்டு நேராக ஜெப ஆலயத்துக்குப் போய்விட்டதாக வயலட் சொன்னாள்.

சலீமாவுக்குள் ஏதோ ஒன்று சரிந்தது. அதைக் காட்டிக்கொள்வாளா? "நினைச்சேன். ரெண்டு கோட் அடிச்சாச்சு, தூரிகையைக் கழுவி வெச்சாச்சு. அவன் வாழ்க்கையிலே எதையாவது முழுசா முடிச்சிருக்கானா?" என்றாள்.

வழக்கமாக இந்த இடத்தில் வயலட் சிரிப்பாள். சாது. இருபது வருஷத்தில் நாத்தனாரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள். இன்று கையிலிருந்த பாதாமைக் கிண்ணத்தில் போட்டாள்.

"அக்கா, இனிமே அதைச் சொல்லாதீங்க."

"எதை?"

"அவர் முடிக்கத் தெரியாம விடல. மூணாவது தடவையும் நீங்க மாட்டேன்னு சொல்லிட்டா என்ன ஆகும், தெரியுமா உங்களுக்கு?"

சலீமா அதை யோசித்ததே இல்லை. மறுக்கிற எண்ணம் இருந்தால்தானே யோசிக்க?

வயலட் மடமடவென்று கொட்டிவிட்டாள். முதல் வருஷமே நாஜி, ஜெப ஆலயத்தில் எல்லாருக்கும் நல்லது கெட்டது சொல்கிற ஹக்காம் மெனாஷேயிடம் போய்க் கேட்டிருக்கிறான், இரண்டு தடவை கேட்டுவிட்டேன், மறுத்துவிட்டாள், மூன்றாவதும் மறுத்தால் என்ன செய்வது என்று. ஹக்காம் அவன் தோளைத் தட்டி, கவலைப்படாதே, மூன்று தடவை மனசாரக் கேட்டும் மறுத்தால் நீ விடுபட்டாய், பாவம் மறுத்தவள் கணக்குக்குப் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். நல்ல சேதி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். நாஜி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

"அன்னிக்கு என்ன சொன்னார் தெரியுமா? அவ ஏற்கெனவே என்னைத் தூக்கி வளர்த்தா, அம்மாவைத் தூக்கிச் சுமந்தா. இதையும் அவ தலையில வைக்க மாட்டேன். எங்கிட்டயே இருக்கட்டும்னார். அதனாலதான் ரெண்டோட நிறுத்திக்கறார். வருஷா வருஷம் அந்தப் பாரத்தோடயே போய் ஜெபத்துக்கு நிக்கறார். நீங்க கோட்டு கோட்டுன்னு சிரிக்கறீங்க."

சொல்லி முடித்ததும் வயலட்டுக்குப் பயம் வந்துவிட்டது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று புருஷனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாளாம். "கிப்பூர் அதுவுமா வாக்கை மீறிட்டேனே" என்று தலைத்துணியால் கண்ணைத் துடைத்தாள்.

சலீமா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவன் வராத ஒவ்வொரு வருஷமும் அவன் நெஞ்சில் ஈரமில்லை என்று நினைத்திருக்கிறாள். அவள் மறுத்துவிடுவாள் என்றே அவன் நினைத்திருக்கிறான், அவ்வளவு கல்நெஞ்சுக்காரி என்று. அப்படி நினைத்தவன்தான், அந்தக் கல்நெஞ்சுக்காரிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று இத்தனை வருஷம் தானே சுமந்திருக்கிறான். அவளுக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வெயில் மஞ்சளாகியிருந்தது. சூரியன் இறங்குவதற்குள் முதல் ஜெபம் தொடங்கிவிடும். தொடங்கிவிட்டால் இந்த வருஷமும் போயிற்று.

அவசரமாக இரண்டு வாய் சாப்பிட்டாள். எண்ணெய் விளக்குகளை ஏற்றினாள், செத்தவர்களுக்கு ஒன்று, இருக்கிறவர்களுக்கு ஒன்று. வெள்ளை உடையை மாட்டிக்கொண்டாள். நோன்புக்குத் தோல் செருப்பு ஆகாது, பழைய கேன்வாஸ் ஷூவில் காலை நுழைத்து, கயிறுகூடக் கட்டாமல் தெருவில் இறங்கினாள். பாதாம் கிண்ணத்தை மூடிவிட்டு வயலட் பின்னாலேயே ஓடி வந்தாள்.

பஸ் எல்லாம் நின்றுபோயிருந்தது. தெருவே வெள்ளையும் சொள்ளையுமாக ஜெப ஆலயத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. நடக்கிற அத்தனை பேருக்கும் கடைசி நேரத்தில்தான் சலீமாவின் ஞாபகம் வரவேண்டுமா? தையல்காரர் வழிமறித்து, உன்னைப் பேய் என்று மருந்துக்காரனிடம் சொல்லியிருக்கிறேன், மன்னித்துவிடு என்றார். "மன்னிச்சேன் மன்னிச்சேன் மன்னிச்சேன், வழியை விடுங்க" என்று ஓடினாள். முக்கில் ஒரு அம்மாள், தோயாவின் பெண், அந்தச் சார்ஜென்ட். எல்லாருக்கும் மூன்று மூன்றாக வீசிக்கொண்டே போனாள். யாருக்கோ, எதற்கோ, நின்றுகூடக் கேட்காமல் அத்தனை மன்னிப்பையும் வாரி இறைத்துவிட்டு, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த ஒருவனுக்கு இத்தனை வருஷம் ஒன்றுகூடக் கொடுக்கவில்லையே என்று ஓடும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நாஜி ஜெப ஆலயத்து முற்றத்தில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம், வெள்ளைச் சட்டையோடு தனியாக நின்றிருந்தான். அக்கா மூச்சு வாங்க வருவதையும், பின்னால் வயலட் தலைகுனிந்து வருவதையும் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். அவள் "மன்னிச்சிடுங்க" என்று முணுமுணுத்துவிட்டு மாடிப்படி ஏறிவிட்டாள்.

"கேளுடா" என்றாள் சலீமா.

"எதை?"

"மூணாவது தடவை. கேளு."

நாஜி தலையை ஆட்டினான். "வேண்டாம்க்கா. ரெண்டு தடவை கேட்டாச்சு. போதும்."

"ஏன், பயமா?"

"ஆமா" என்றான். "நீ முடியாதுன்னுட்டா?"

"சொன்னா அது என் தலையில விழும். என் தலையை நான் பார்த்துக்கறேன். இருபது வயசுல எனக்காக நீ ஒரு முடிவு எடுத்தே, அதுவே போதும். இன்னொண்ணையும் நீயே எடுக்காதே. கேளு."

உள்ளே பெஞ்சுகள் நகர்கிற சத்தம் கேட்டது. நாஜி ஆடுகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான். வழக்கமான வார்த்தையைத்தான் சொல்லப்போகிறான் என்று சலீமா நினைத்தாள். அவளும் பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

"ஹெஸ்கேல் ஒரு தடவை வரலக்கா" என்றான். "மூணு தடவை வந்தான்."

சலீமா குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் தடவை, உனக்கு நிச்சயமாயிடுச்சுன்னேன். ரெண்டாவது தடவை, அது உறுதியா, ஒரு வார்த்தை அவங்ககிட்டயே கேக்கலாமான்னான். நீ அவனைப் பாக்கவே விரும்பலன்னேன். அம்மா படுக்கையில. நீயும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு இருந்துச்சு. அவ்வளவுதான் காரணம். வேற ஒண்ணுமில்ல, பயம்."

"மூணாவது?"

"மூணாவது தடவை எதுவும் கேக்கல. வேற ஊர் வண்டிக்கு மாத்திக்கிட்டேன்னு சொன்னான். ஒரு பெட்டியைக் கையில குடுத்தான். அவங்களுக்குப் பிடிக்கும்னு அவங்களே ஒருநாள் சொன்னாங்க, குடுத்துடுங்கன்னான்." நாஜி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அந்தப் பாதாம் வில்லை நான் வாங்கலக்கா. யாரு குடுத்தான்னு நீ கேட்டே. நான் வாங்கினேன்னு சொல்லிட்டேன். நீ என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? நீ ஒவ்வொரு பண்டிகைக்கும் அதைச் சொல்றே. அதுக்கும் சேர்த்து, எல்லாத்துக்கும் சேர்த்து, என்னை மன்னிச்சிடுக்கா."

பெண் கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பியதற்குக் கோபப்பட அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் கிடைத்திருந்தது. அந்தக் கோபம் பழசாகி, கிழிந்து, தூக்கிப்போடத் தயாராக இருந்தது. இந்தப் பெட்டி புதுசு. அதைத் தூக்கிப்போட அவள் தயாராகி வரவில்லை. கன்னத்தில் ஒன்று விடலாமா என்றுகூடத் தோன்றியது. உள்ளே வேதச் சுருள் இருக்கிற பேழையைத் திறந்துவிட்டார்கள். வெள்ளைத் துணி போர்த்திய ஆண்கள் எழுந்து நின்றார்கள். சுவரில் இருந்த வெயில் ஒரு கை உயரம்தான் மிச்சம்.

"மன்னிச்சேன்" என்றாள் சலீமா.

நாஜி காத்திருந்தான்.

"இப்ப ஒண்ணுதான் வருது" என்றாள். "மீதி ரெண்டும் வருதான்னு பாக்கறேன். பொய் சொல்ல மாட்டேன், நாளைக்கு கிப்பூர். நீ உள்ள போ."

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். அவள் மாடி ஏறினாள்.

மறுநாள் முழுவதும் அவள் பெண்கள் பக்கத்து மரச்சட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பசி எப்போதும் அவளை ஒன்றும் செய்ததில்லை. பெட்டிதான் செய்தது. அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். மெல்லிய நீலத் தாள் சுற்றியிருந்தது ஞாபகம் வந்தது. அவள் ஒரேயடியாகத் தின்னவில்லை, நாளுக்கு ஒன்று என்று, ராத்திரி போர்வைக்குள், நாக்கில் வைத்துக் கரைய விட்டிருந்தாள். ஹெஸ்கேல் வரவில்லையே என்று அழுதுகொண்டே தின்றது அதைத்தான். கீழே ஆண்கள் நெஞ்சில் தட்டிக்கொண்டு பாவ அறிக்கை சொன்னார்கள். தப்புச் செய்தோம், துரோகம் செய்தோம், பொய் சொன்னோம். அதில் 'நான்' என்பதே கிடையாது, எல்லாமே 'நாம்'தான். சின்ன வயதிலிருந்து சொல்கிற வார்த்தைதான் என்றாலும் அன்றைக்குச் சொல்லும்போது, காபி கொடுத்துக் கொடுத்து அவனைத் திருப்பி அனுப்பிய வருஷங்கள் ஞாபகத்துக்கு வந்தன. கீழே மூன்றாவது வரிசையில், தட்டும்போது ஆடுகிற கை ஒன்று தெரிந்தது. மத்தியானத்துக்கு மேல், பக்கத்திலிருந்த தோயா தூங்கி வழிந்து தோளில் சாய்ந்திருந்தபோது, சலீமா சட்டத்தின் இடுக்கு வழியாகக் கீழே பார்த்து, "மன்னிச்சேன்" என்று ஒரு தடவை வாய்க்குள் சொன்னாள். அதுவாகத்தான் வந்தது.

இருட்டியதும், நோன்பு முடிந்ததென்று ஆட்டுக்கடாக் கொம்பை ஊதினார்கள். நீளமாக ஒரே மூச்சு. அடுத்த நிமிஷம் எல்லாருக்கும் பசி வந்துவிட்டது.

நாஜி பெண்டாட்டி பிள்ளைகளோடு அக்கா வீட்டுக்கு வந்தான். கூப்பிடவில்லை, வந்தான். வாசலிலேயே நின்றான். அவனாகவே வந்த மூன்றாவது தடவை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளுங்கள். சலீமா பாதாம் பாலைச் சூடாக்கி, ஏலக்காய் தட்டிப் போட்டு, முதல் டம்ளரை அவனிடம் நீட்டினாள். அவன் கை ஆடுமென்று பாதிதான் ஊற்றியிருந்தாள். அவன் வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"குடி" என்றாள்.

"நீ முதல்ல சொல்லு."

"ரெண்டாவது அங்கேயே சொல்லிட்டேன். மாடியில இருந்து. உனக்குக் கேட்டிருக்காது."

அவன் தலையாட்டினான். மூன்றாவதைக் கேட்க அவனுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சலீமா அவன் கையிலிருந்த டம்ளரின் அடியைப் பிடித்துக்கொண்டாள், அது ஆடாமல் இருக்க. அதிலிருந்து வந்த ஏலக்காய் மணம் அவளுக்கு எதையோ கொண்டு வந்து கொடுத்தது. ஹெஸ்கேல் இரண்டு தடவை வந்தது அவளுக்கு வந்து சேரவேயில்லை. மூன்றாவது சேர்ந்திருக்கிறது. பெயர் மாறி வந்தது, ஆனால் வந்துவிட்டது. அவள் அதை ஒன்று விடாமல் தின்றிருக்கிறாள். தன்னைத் தேடி யாருமே வரவில்லை என்று கண்ணாடியைப் பார்த்து அழுதவள் வாயில், வந்தவனுடைய இனிப்பு இருந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது.

"அடுத்த பண்டிகைக்கு அந்தக் கதையை நீதான் சொல்றே" என்றாள். "யாரு குடுத்தான்னு சரியாச் சொல்லணும்."

"சொல்றேன்க்கா."

"மன்னிச்சேன்" என்றாள் சலீமா. பிறகு, அவன் குடித்து முடிக்கும்வரை டம்ளரை விடாமல் பிடித்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சுடா, அந்தப் பாதாம் வில்லை" என்றாள்.